வெள்ளோட்டமும் தேரோட்டமும்

புதிதாகச் செய்த தேரை முதன்முதலில் ஓட்டிப் பார்ப்பதற்குத் தமிழர் ‘வெள்ளோட்டம்’ என்று பெயரிட்டனர். புதிதாகக் கட்டிய கப்பலைக் கடலில் விட்டுப் பார்ப்பதற்கும் அதுவே பெயர். எழுதப்படாத ஓலை வெள்ளோலை ஆனதுபோல, ஏற்ற வேண்டியதை ஏற்றாமல் ஓடும் ஓட்டம் வெள்ளோட்டம் ஆயிற்று போலும். வடம் உண்டு, சக்கரம் உண்டு, இழுப்போர் உண்டு, வீதியும் அதே வீதிதான். எழுந்தருள வேண்டிய மூர்த்தி மட்டும் தேரில் இல்லை. அச்சு முறிந்தாலும், தெரு முனையில் திரும்பாமல் நின்றுவிட்டாலும், அதனால் பழியில்லை. குறை இன்னதென்று தெரிந்ததே என்று தச்சர் மகிழ்வர். குறை தீர்ந்த பின்னரே தேர் விழாவுக்கு உரியதாகும்.

பினாங்குத் தமிழர்க்குத் தேர் புதிதன்று. காரைக்குடியில் செய்யப்பட்டு 1894-இல் கப்பலேறி வந்த நகரத்தாரின் வெள்ளித்தேர், தைப்பூசக் காலத்தில் பினாங்குத் தெருவிலிருந்து தண்ணீர்மலை நோக்கிச் செல்வதை ஜார்ஜ் டவுன் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டுவருகின்றனர். 2017-இல் தங்கத்தேரும் அவ்விழாவில் சேர்ந்துகொண்டது. தேரோட்டத்தின் சிறப்பை நாம் அறிவோம். வெள்ளோட்டத்தின் சிறப்பை அத்துணை எண்ணிப் பார்ப்பதில்லை. ஆயினும் அச்சிறு சொல்லுக்குள் பெரியதோர் அறம் அடங்கியிருக்கிறது. ‘இழக்கக் கூடாததை ஏற்றிவைத்துக்கொண்டு சோதனை செய்யாதே’ என்பதே அவ்வறம்.

அவ்வறத்தை இக்காலத்தில் கண்ணெதிரே காட்டும் கருவி ஒன்று உண்டு. கணினியாளர் அதனை மெய்நிகர் இயந்திரம் என்பர். புதிய இயங்குதளம் ஒன்றை, நம் கணினிக்கும் அதிலுள்ள கோப்புகளுக்கும் ஊறு நேராமல் சோதித்துப் பார்க்க அது இடந்தருகிறது. அதன் பயனைப் பலரும் அறிவர். அதனையொட்டி எழும் அறவினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இழப்புக்கு இடமே இல்லாத சோதனை உண்மையான சோதனை ஆகுமா? சோதனை செய்ய விரும்புவோன் எதனை இழப்புக்கு உள்ளாக்கலாம்? எதனை உள்ளாக்கலாகாது?

கணினிக்குள் ஒரு கணினி

முதலில் பொருளைத் தெளிவாக அறிந்துகொள்வோம். கணினியின் உறுப்புகளை ஆள்வதும், நாம் எழுதும் கோப்புகளைக் காப்பதும், ஏனைய மென்பொருள்களுக்கெல்லாம் நிலைக்களமாக இருப்பதும் இயங்குதளம். விண்டோஸ், லினக்ஸ் முதலியன அவ்வகையின. எழுதும் மென்பொருள் ஒன்றை மாற்றுவது அறையிலுள்ள நாற்காலியை மாற்றுவது போன்றது. இயங்குதளத்தை மாற்றுவதோ, குடியிருந்துகொண்டே வீட்டின் கடைக்காலை மாற்றுவது போன்றது. நிறுவும்போது கேட்கப்படும் ஒரு வினாவுக்குத் தவறான விடையளித்தால் வட்டு முழுவதும் அழியக்கூடும். பல்லாண்டு உழைப்பு ஒரு நொடியில் மறையக்கூடும்.

மெய்நிகர் இயந்திரம் இவ்வச்சத்தை நீக்க எழுந்த ஏற்பாடு. ஒரு மென்பொருள், இருக்கும் கணினியின் நினைவகத்தில் ஒரு பகுதியை ஒதுக்குகிறது. வட்டில் ஒரு கோப்பை உண்டாக்குகிறது. அவற்றைக் காட்டி, ‘இதுவே உனக்குரிய முழுக்கணினி’ என்று புதிய இயங்குதளத்தை நம்பவைக்கிறது. புதியது தன் முன் உள்ளதை முழுவட்டு என்றே எண்ணி அழிக்கும், பகுக்கும், எழுதும். வெளியே இருந்து பார்க்கும் நமக்கு அது ஒரு தனிக்கோப்பு மட்டுமே. குழப்பம் விளைந்தால் அக்கோப்பை நீக்கிவிட்டால் போதும். அதனினும் சிறந்த வசதி ஒன்றுண்டு. ஒரு நேரத்தில் அவ்வியந்திரம் இருந்த நிலையைப் பதிந்துவைத்து, வேண்டும்போது அந்நிலைக்கே திரும்பலாம். இதனை ‘ஸ்நாப்ஷாட்’ என்பர். செய்த பிழையைச் செய்யாததாக ஆக்கும் இவ்வாற்றல் மனிதவாழ்வில் எங்கும் கிடைக்காத ஒன்று என்பதை இங்கேயே நினைவில் கொள்வோம். பின்னர் இதற்கு மீண்டும் வருவோம்.

இக்கருத்து நேற்றுத் தோன்றியதன்று. 1960-களில் ஒரு கணினி ஓர் அறையையே நிறைத்தது. அதன் விலையும் மிகப் பெரிது. புதிய இயங்குதளத்தைச் சோதிக்க வேண்டுமென்று அனைவரின் வேலையையும் நிறுத்த இயலாது. ஐபிஎம் நிறுவனத்தார் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் உருவாக்கிய சிபி-40 என்னும் அமைப்பு, 1967-இல் ஒரே கணினியைப் பல கணினிகளாகத் தோன்றச் செய்தது. அதன் வழித்தோன்றலான விஎம்/370-ஐ 1972-இல் அந்நிறுவனம் வெளியிட்டது. 1974-இல் போப்பெக், கோல்டுபர்க் என்னும் இருவர் இத்தகைய அமைப்புக்கு மூன்று இலக்கணம் வகுத்தனர். உள்ளே ஓடும் நிரல், மெய்யான இயந்திரத்தில் ஓடுவது போன்றே ஓட வேண்டும். பெரும்பான்மைக் கட்டளைகளைச் செயலி நேரடியாகவே நிறைவேற்ற வேண்டும். கணினியின் வளங்கள் மீதான ஆட்சி மட்டும் புறத்தே உள்ள காவலனிடமே இருக்க வேண்டும். பெரிய நிறுவனங்களுக்கே உரியதாக இருந்த இவ்வசதி, 1999-இல் விஎம்வேர் நிறுவனத்தின் மென்பொருளால் மேசைக்கணினிக்கு வந்தது. 2007-இல் வெர்ச்சுவல்பாக்ஸ் திறமூலமாக வெளிவந்தபின் மாணவரும் பொருட்செலவின்றிப் பெறும் நிலை உண்டாயிற்று.

இவ்வரலாற்றில் நம் தீவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. விஎம்/370 வெளிவந்த அதே 1972-இல் இன்டெல் நிறுவனம், கடல்கடந்த தன் முதல் தொழிற்கூடத்தைப் பினாங்கில் தொடங்கியது. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் பல்லாயிரவர் செய்துவந்த வேலை எது? சில்லுகளைப் பொருத்துவதும் சோதிப்பதுமே. வாங்குவோர் கைக்குப் போகும் முன்னர்ச் சில்லை மிகு வெப்பத்தில் ஓடவிட்டு, முறிய வேண்டியதை அங்கேயே முறியவைப்பர். அந்நிறுவனம் 2005-இல் மெய்நிகர் இயந்திரங்களுக்கான துணையைச் செயலியின் உள்ளேயே அமைத்தது. ஆகவே வெள்ளோட்டத்தின் அருமை பினாங்கு மக்களுக்குக் கோயில் வீதியில் மட்டும் அன்றித் தொழிற்கூடத்திலும் பழகிய ஒன்றே.

ஆசிரியரின் மேசையில்

இது கணினி வல்லுநர்க்கு உரிய செய்தி, தமிழாசிரியர்க்கு இதனால் ஆவதென்ன என்று சிலர் கேட்கலாம். விண்டோஸ் 10-க்கு வழக்கமாக அளித்துவந்த ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-இல் முடித்துக்கொண்டது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பையும் அண்மைக்காலச் செயலியையும் வேண்டுவது. நன்றாக ஓடும் பழைய கணினிகள் பலவற்றை அது ஏற்பதில்லை. புதிய கணினி வாங்குவதா, உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற இயங்குதளத்துக்கு மாறுவதா என்ற வினா பல மேசைகளின் முன் நிற்கிறது.

அவ்வினாவுக்கு விடைகாணும் தமிழாசிரியரின் நிலை ஏனையோர் நிலையினும் சிக்கலானது. அவருடைய கோப்புகளில் உறங்குவது தமிழ். ஒருங்குறி வேரூன்றும் முன்னர் எழுத்துருவுக்கு எழுத்துரு குறியீட்டு முறை வேறாயிருந்தது. மலேசியரான முத்து நெடுமாறன் 1980-களில் படைத்த முரசு நம் நாட்டுத் தமிழ்க் கணிமைக்கு வழிவகுத்தது. 1999-இல் தமிழ்நாட்டரசு டாம், டாப் என்னும் குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது. 2001-இல் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடியது. இத்தனை முயற்சிகளுக்கு இடையே எழுதப்பட்ட வினாத்தாள்களும், ஆண்டு மலர்களும், நாடகப் பனுவல்களும் அந்தந்தக் காலத்து எழுத்துருவை நம்பியே உயிர் வாழ்கின்றன. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற குறிகளாகத் தோன்றும். மாற்றத்தில் முதலில் பலியாவது இத்தகைய தமிழே.

ஆகவே அவர் செய்யத்தக்கது வெள்ளோட்டம். புதிய இயங்குதளத்தை மெய்நிகர் இயந்திரத்தில் நிறுவுக. கோப்புகளின் படிகளை மட்டும் உள்ளே கொண்டுசெல்க, மூலத்தைத் தொடற்க. தமிழ்99 முறையிலோ, கை பழகிய வேறு முறையிலோ ஒரு பக்கம் தட்டச்சுச் செய்து பார்க்க. ‘கொ’ என்னும் எழுத்தில் கொம்பும் காலும் தத்தம் இடத்தில் நிற்கின்றனவா? ‘ஸ்ரீ’ உடையாமல் வருகிறதா? ஆய்தம் ஒழுங்காக விழுகிறதா? பழைய எழுத்துருவில் அமைந்த மலர் ஒன்றைத் திறந்து பார்க்க. பக்கங்கள் குலையாமல் இருக்கின்றனவா? ஒருங்குறிக்கு மாற்றினால் எழுத்து ஏதேனும் விடுபடுகிறதா? ஒரு மாலைப்பொழுதில் செய்யத்தக்க இச்சோதனை ஒரு பள்ளியின் நினைவையே காக்கவல்லது.

மண்குதிரையின் எல்லை

எனினும் வெள்ளோட்டம் எல்லாவற்றையும் காட்டிவிடாது. மெய்நிகர் இயந்திரம் காண்பது கற்பித்துக் காட்டிய உறுப்புகளை. நம் கணினியின் கம்பியில்லா இணைய உறுப்பு புதிய இயங்குதளத்துடன் பொருந்துமா, படவுறுப்பு ஒழுங்காக வேலை செய்யுமா என்பன அதில் தெரியா. உள்ளே தயங்கித் தயங்கி ஓடுவது வெளியே விரைந்து ஓடலாம். உள்ளே நன்றாக ஓடியது வெளியே முடங்கலாம். அடுத்த படியாக, அவ்வியங்குதளத்தை விரலிக் குச்சியில் பதித்து, வட்டைத் தொடாமல் அதிலிருந்தே கணினியைத் தொடங்கிப் பார்ப்பர். அதுவும் ஒரு வெள்ளோட்டமே. ஆனால் மெய்யான வீதியில் ஓடுவது.

சுவரும் முழுமையானதன்று. உள்ளும் புறமும் ஒரே கோப்புறையைப் பகிர்ந்துகொள்ள விட்டால், உள்ளே நேர்ந்த கேடு அவ்வழியே வெளியே வரும். 2015-இல் ‘வெனம்’ எனப் பெயர்பெற்ற குறை ஒன்று வெளிப்பட்டது. எவரும் பயன்படுத்தாத நெகிழ்வட்டுக்கென எழுதப்பட்ட பழைய நிரலில் இருந்த ஓட்டை அது. உள்ளே இருப்பவன் சுவரைத் துளைத்து வெளியேற வழியாக அமைந்தது. ஸ்நாப்ஷாட்டையும் காப்புநகலாகக் கருதுதல் தவறு. அது மூலவட்டைச் சார்ந்தே நிற்கும். மூலவட்டு கெட்டால் அதுவும் கெடும். மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கலாகாது என்பது பழமொழி. குதிரையேற்றம் பழக மண்குதிரை உதவலாம். அதன் எல்லை ஆற்றின் கரை என்பதை அறிந்திருத்தலே அறிவுடைமை.

துணிவு யாருடையது?

இனி நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். ‘இழப்பில்லாத இடத்தில் உறுதியும் இல்லை’ என்று கூறுவோர் உளர். அவர்தம் கூற்றை எளிதாகத் தள்ளிவிட இயலாது. புதிய இயங்குதளம் ஒரு சாளரத்துக்குள் இருக்கும்வரை, சிறு இடர்ப்பாடு வந்தாலும் நாம் அதனை மூடிவிட்டுப் பழையதற்குத் திரும்பிவிடுவோம். திரும்ப வழியிருக்கும் இடத்தில் மனம் கற்பதில்லை. நீரில் இறங்காதவன் நீந்தக் கற்றதில்லை என்பது அவர் வாதம்.

அவர் நம் முன்னோரையே சான்றாகக் காட்டலாம். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய தமிழர் எந்த வெள்ளோட்டம் பார்த்தனர்? 1926 முதல் 1973 வரை ஓடிய ‘ரஜூலா’ கப்பலில் வந்தவர்க்கும், அதற்கு முன்னர்ப் பாய்மரத்திலும் நீராவிக் கப்பலிலும் வந்தவர்க்கும் முன்னைய நிலைக்கு மீளும் வசதி எங்கே இருந்தது? வாழ்வையே வைத்து ஆடினர். அதனால் இங்கே கோயிலும் பள்ளியும் அச்சகமும் எழுந்தன. ‘அவர் ஆழம் பார்த்துக்கொண்டு கரையிலேயே நின்றிருந்தால் நாம் இன்று இங்கே இருப்போமா?’ என்று கேட்பது நியாயமான கேள்வியே.

ஆயினும் அவ்வரலாற்றை இன்னும் சற்று நெருங்கி நோக்க வேண்டும். கப்பலில் ஏறியவன் தன் வாழ்வைத் தானே துணிந்து வைத்தான் எனின், அது வீரம், அதனைப் போற்றுவோம். ஆனால் அவனை ஏற்றி அனுப்பியோர் வைத்தது யாருடைய வாழ்வை? மலாயாவுக்கான ஒப்பந்தக்கூலி முறை 1910-இல் முடிவுற்றது. கங்காணி முறையில் ஆள்சேர்த்து அனுப்புவதை இந்திய அரசு 1938-இல் தடைசெய்தது. அம்முறைகளில் காட்டை அழித்துத் தோட்டமாக்கும் பெருஞ்சோதனையை நடத்தியவர் ஒருவர். அதில் காய்ச்சலுக்கும் பசிக்கும் இரையானவர் வேறொருவர். சோதனை வென்றால் ஊதியம் முன்னவர்க்கு. தோற்றால் உயிர் பின்னவரது. இதனைத் துணிவு என்று எவ்வாறு கூறுவது? தன்னை வைத்து ஆடுவது ஒன்று. பிறரை வைத்து ஆடுவது மற்றொன்று. இரண்டுக்கும் ஒரே பெயரைச் சூட்டுவதில்தான் அறம் மயங்குகிறது.

இவ்வேறுபாட்டைக் கைக்கொண்டால் வினாவுக்கு விடை தெளிவாகும். தனக்கு எவ்விழப்பும் நேரக்கூடாது என்பதற்காக மட்டும் செய்யப்படும் வெள்ளோட்டம், அச்சத்தின் பிள்ளை. தன் அறியாமையால் பிறர்க்கு இழப்பு நேரக்கூடாது என்பதற்காகச் செய்யப்படும் வெள்ளோட்டம், அறத்தின் பிள்ளை. தன் சொந்தக் கணினியை ஓர் இளைஞன் துணிந்து அழித்துக் கற்றால், அவன் துணிவைப் பாராட்டலாம். பள்ளிக் கணினியை அவ்வாறு செய்ய அவனுக்கு உரிமையில்லை. அதில் இருப்பது நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் மதிப்பெண். மூத்த ஆசிரியர் பலரின் உழைப்பு. அங்கே வெள்ளோட்டம் பார்ப்பது கோழைத்தனம் ஆகாது, கடமை.

மீட்க இயலாத ஆண்டுகள்

கணினிக்கு வெளியே இவ்வறத்தின் தேவை இன்னும் பெரிது. ஏனெனில் அங்கே மீட்டெடுக்கும் வசதி இல்லை. நம் நாட்டுப் பள்ளிகளில் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் 2003-இல் நடைமுறைக்கு வந்தது. முதலாம் ஆண்டு, படிவம் ஒன்று, கீழாறாம் படிவம் ஆகிய மூன்று நிலைகளிலும் அது நாடு முழுவதும் ஒருங்கே தொடங்கியது. தமிழ்ப்பள்ளிகளும் அதில் அடங்கின. 2009 ஜூலையில் அத்திட்டத்தைக் கைவிட்டு, 2012 முதல் தேசியப் பள்ளிகளில் மலாய்க்கும், தமிழ், சீனப் பள்ளிகளில் தாய்மொழிக்கும் திரும்ப அரசு முடிவு செய்தது.

அத்திட்டத்தின் நோக்கம் நன்று என்பாரும் உளர். தீது என்பாரும் உளர். அவ்வழக்கில் தீர்ப்புக் கூறுதல் நம் நோக்கமன்று. நாம் காண வேண்டியது வேறு. 2003-இல் முதலாம் ஆண்டில் சேர்ந்த குழந்தை, அம்முடிவு வந்த 2009-இல் படிவம் ஒன்றில் இருந்தது. அரசாணையைத் திருத்தலாம், பாடநூலை மீண்டும் அச்சிடலாம், அக்குழந்தையின் ஆறு ஆண்டுகளை அதன் முன்னைய நிலைக்குக் கொண்டுசெல்ல எந்த ஸ்நாப்ஷாட்டும் இல்லை. சில பள்ளிகளில், சில வகுப்புகளில் சிறிதாகத் தொடங்கிப் பார்த்து, விளைவை அளந்து, பின்னர் விரிப்பதே மீட்க இயலாத பொருளைக் கையாள்வோர்க்கு உரிய முறை. அச்சிறு சோதனையிலும் உள்ளே இருப்போர் குழந்தைகளே என்பதால், பெற்றோரின் இசைவைக் கேட்டல் வேண்டும். மனிதர்மீது செய்யும் மருத்துவச் சோதனைகளுக்கு 1947-இல் வகுக்கப்பட்ட நியூரம்பர்க் நெறி, உட்படுவோரின் தன்விருப்ப இசைவையே முதலாவதாக வைத்தது. கொடிய அனுபவத்தின்பின் உலகம் கற்ற பாடம் அது.

மெய்நிகர் இயந்திரத்துள் இருக்கும் இயங்குதளத்துக்குத் தான் சோதிக்கப்படுவது தெரியாது. தெரியாமையால் அதற்கு நோவும் இல்லை. குழந்தைக்கும் தெரியாது. ஆனால் நோவு உண்டு.

வெள்ளோட்டத்தின் முடிவு

திருவள்ளுவர் ஆராய்ந்து செயலாற்றுவதற்குத் ‘தெரிந்து செயல்வகை’ என்று ஓர் அதிகாரம் வகுத்தார்; ஆராய்ந்து பிறர்மீது நம்பிக்கை கொள்வதற்குத் ‘தெரிந்து தெளிதல்’ என்று மற்றோர் அதிகாரம் வகுத்தார். அத்துடன் நின்றாரல்லர். செயலில் உறுதிக்கென ‘வினைத்திட்பம்’ என்று பிறிதோர் அதிகாரமும் அமைத்தார். ஆராய்ச்சி எல்லையின்றி நீளுமாயின் அதுவும் ஒரு குற்றமே. பல திங்களாக மெய்நிகர் இயந்திரத்தில் புதியதை ஓட்டிக்கொண்டே பாதுகாப்பற்ற பழையதில் பணிபுரிபவர், வெள்ளோட்டம் பார்த்துக்கொண்டே திருவிழாவை மறந்தவர் ஆவார். காப்புநகல் எடுத்து, குறை கண்டு, குறை நீக்கிய பின்னர், குறித்த நாளில் மாறிவிடுதல் வேண்டும். அந்நாளில் சிறிது இழப்பு நேரினும் அதனைத் தாமே ஏற்கும் மனமும் வேண்டும்.

ஆசிரியர்க்கு இதில் இன்னுமொரு செய்தி இருக்கிறது. எழுதி எழுதி அழிக்கச் சிலேட்டுப் பலகையைக் கொடுத்த பழைய பள்ளி, பிள்ளைகளுக்கு ஒரு வெள்ளோட்ட வீதியை அமைத்துத் தந்தது. அங்கே பிழை எழுதியவன் அழித்துவிட்டு மீண்டும் எழுதினான். அவன் பிழை எந்த ஏட்டிலும் நிலைக்கவில்லை. இக்காலத்தில் ஒவ்வோர் எழுத்துக்கும் மதிப்பெண்ணிட்டுப் பதிந்துவைக்கும் வழக்கம் பெருகியிருக்கிறது. பிழை செய்ய இடமில்லாத வகுப்பில் மாணவன் தனக்குத் தெரிந்ததை மட்டுமே எழுதுவான். தெரியாததை எழுதிப் பார்க்கவே அஞ்சுவான். பிள்ளைகளை வைத்துச் சோதனை செய்யாதிருத்தல் பெரியோர் கடமை. பிள்ளைகள் தாமே சோதித்துக் கற்க இடமளித்தல் அதனினும் பெரிய கடமை. மதிப்பெண் இல்லாத ஒரு கட்டுரை, தண்டனை இல்லாத ஒரு வாசிப்பு, அழித்துவிட்டு மீண்டும் எழுத ஒரு பக்கம் ஆகியவற்றை ஒவ்வொரு வாரமும் மாணவர்க்கு அளிக்க இயலாத ஆசிரியர் எவருமிலர்.